வெட்டாமல் வெட்டும் கத்தரி
வீடியோ தொகுப்புக் கலைக்கு ஓர் அறிமுகம்

திரைப்படத்தில் ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தோன்றும்போது அந்த மாற்றத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது எந்த இடத்தில் நிகழ வேண்டும் என்று முடிவு செய்பவர் படத்தொகுப்பாளர். முன்பு இவ்வேலைக்குத் தனிக் கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்பட்டன. இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறியும், ஷாட்கட், கேடென்லைவ் போன்ற விலையில்லா மென்பொருள் ஒன்றும் போதும். ஆயினும் அதை முதன்முறை திறந்து பார்க்கும் மாணவர் பலர், திரை நிறைந்த பொத்தான்களைக் கண்டு திகைத்துவிடுகின்றனர். பொத்தான்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே நடப்பது என்ன என்பதை அறிந்துகொண்டால் எந்தப் பொத்தான் எதற்கு என்பது தானே விளங்கும்.

அசையாப் படங்களின் வரிசை

வீடியோ என்பது அடுத்தடுத்து எடுக்கப்பட்ட அசையாப் படங்களின் வரிசையே. ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பர். திரைப்படத்தில் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. இந்தியத் தொலைக்காட்சியில் 25. கைப்பேசியில் பெரும்பாலும் 30 அல்லது 60. தொலைக்காட்சியின் 25 என்ற எண், நம் மின்சாரத்தின் அலைவெண்ணாகிய 50 ஹெர்ட்சில் பாதி என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் 60 ஹெர்ட்சாக உள்ள அமெரிக்காவில் 30ஐ ஒட்டிய எண் வழக்கமாயிற்று.

நொடிக்கு 30 பிரேம் எனில், ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1/30 நொடி. இரு பிரேம்களுக்கு நடுவே மட்டுமே வெட்ட முடியும். ஒரு பிரேமைப் பாதியாக வெட்ட இயலாது.

கத்தரியும் பட்டியலும்

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடி நீளத்திற்கு 16 பிரேம்கள் அடங்கும். ஆகவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் வேண்டும். தொகுப்பாளர் இச்சுருளை உண்மையாகவே வெட்டி ஒட்டினார். வெட்டும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உதவிய மூவியோலா என்னும் கருவியை 1924இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் இவான் செருரியர். பின்னாளில் அக்கருவியை மேம்படுத்திய அவருடைய மகன் மார்க் செருரியர் ஒரு பொறியாளர். பலோமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியின் ஆடிகளை நேர்க்கோட்டில் தாங்கி நிற்கும் சட்டகத்தை வடிவமைத்தவரும் அவரே!

கணிப்பொறியில் தொகுக்கும்போது நடப்பது வேறு. நீங்கள் எத்தனை முறை வெட்டினாலும் கைப்பேசியில் எடுத்த மூல வீடியோவை மென்பொருள் தொடுவதே இல்லை. அது ஒரு பட்டியலை மட்டும் எழுதி வைக்கிறது: “முதல் கோப்பில் 91ஆம் பிரேம் முதல் 240ஆம் பிரேம் வரை காட்டு, பிறகு இரண்டாம் கோப்பில் 31ஆம் பிரேம் முதல் 90ஆம் பிரேம் வரை காட்டு.” திரையின் கீழ்ப்பகுதியில் நீண்ட பட்டைகளாகத் தெரியும் டைம்லைன் இப்பட்டியலின் படமே ஆகும். புராஜெக்ட் என்ற பெயரில் நீங்கள் சேமிப்பதும் இதைத்தான்.

இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று: தவறாக வெட்டினால் அஞ்ச வேண்டாம், பட்டியலைத் திருத்தினால் போதும். இரண்டு: மூலக் கோப்பை வேறிடத்திற்கு மாற்றினால் பட்டியல் சுட்டும் இடம் வெறுமையாகிவிடும், அழித்துவிட்டாலோ உழைப்பு முழுவதும் வீண். ஆகவே தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். மூன்று: நண்பருக்குப் புராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பினால் அவரால் படம் பார்க்க முடியாது. எக்ஸ்போர்ட் என்ற கட்டளை தந்த பின்னரே பட்டியலின்படி புதிய வீடியோ உருவாகும்.

கணிப்பொறி ஏன் திணறுகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1920 × 1080 அளவுள்ள ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் எனக் கொண்டால் ஒரு பிரேமுக்கு 62,20,800 பைட். நொடிக்கு 30 பிரேம் வீதம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 11.2 ஜிகாபைட் ஆகிறது! ஆனால் கைப்பேசியில் இத்தகைய ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எப்படி?

ஒருவர் நின்று பேசும் காட்சியில் பின்னாலுள்ள சுவர் பிரேமுக்குப் பிரேம் மாறுவதில்லை. ஆகவே சில பிரேம்களை மட்டும் முழுமையாகப் பதிந்து, இடையில் வருபவற்றுக்கு ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்பதை மட்டும் பதிகிறார்கள். முழுமையாகப் பதிந்ததற்குக் கீபிரேம் என்று பெயர். ஆகவே நடுவிலுள்ள ஒரு பிரேமைக் காட்ட, கணிப்பொறி அதற்கு முந்தைய கீபிரேமிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டு வரவேண்டும். டைம்லைனில் அங்குமிங்கும் தாவும்போது படம் தடுமாறுவது இதனால்தான். பிராக்சி என்ற வசதி, தொகுக்கும்வரை பயன்படுத்தச் சிறிய அளவிலான நகலைச் செய்து தருகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதல் பயிற்சி: விழும் பந்து

வெட்டப் பழகுவதற்கு இயற்பியல் சோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சுவரில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு குறியிடுங்கள். பந்தின் அடிப்பகுதி அக்குறியில் நிற்குமாறு பிடித்து, நண்பர் ஒருவர் அதைத் தள்ளாமல் விடட்டும். நல்ல பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, நொடிக்கு 30 பிரேம் வீதம் படமெடுங்கள். வெளிச்சம் குறைந்தால் சில கைப்பேசிகள் பிரேம் வீதத்தைத் தாமே குறைத்துவிடும்.

கணிப்பொறியில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது பிரேம் வீதத்தை 30 என அமையுங்கள். வீடியோவை டைம்லைனில் இட்டு, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாக நகருங்கள். கை பந்தை விடும் பிரேமில் ஒரு வெட்டு. பந்து தரையைத் தொடும் பிரேமில் மற்றொரு வெட்டு. முன்னும் பின்னும் உள்ளதை நீக்குங்கள். எஞ்சிய துண்டின் நீளம் 19 பிரேம் என்றால் நேரம் 19/30 = 0.633 நொடி. g = 2h/t² என்ற வாய்பாட்டின்படி g = 4/0.401, அதாவது ஏறத்தாழ 10 மீ/நொடி². வெட்டும் இடம் ஒரு பிரேம் தள்ளிப்போய் 20 ஆனால் விடை 9 ஆகிவிடும். நேரம் இருமடியாக வருவதால் 5 விழுக்காட்டுப் பிழை 10 விழுக்காடாகப் பெருகுகிறது.

புராஜெக்டை 25 என்று அமைத்திருந்தால்? மென்பொருள் நேரத்தைக் காக்கும் பொருட்டு நொடிக்கு 5 பிரேம்களைக் கைவிடும். துண்டின் நீளம் 16 பிரேமாகச் சுருங்கும். அதை 30ஆல் வகுத்தால் g 14 என்று வரும்! பிரேம் வீதத்தை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று தொகுப்பாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

வெட்டும் உண்மையும்

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் செய்த சோதனை புகழ்பெற்றது. உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு முறை உணவுக் கிண்ணத்தோடும், மறுமுறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினார். முகம் ஒன்றே. பார்த்தவர்களோ முதலில் பசியையும் அடுத்துத் துயரத்தையும் அம்முகத்தில் கண்டனர் என்பர். இரு துண்டுகளை அடுத்தடுத்து வைத்தாலே இரண்டிலும் இல்லாத பொருள் பிறந்துவிடுகிறது.

கதைப்படத்தில் இது கலை. அறிவியல் படத்தில் இதுவே பொய்யாகவும் மாறலாம். பந்தை எட்டு முறை போட்டு, 9.8க்கு மிக அருகில் வந்த ஒன்றை மட்டும் வைத்து மற்ற ஏழையும் நீக்கினால், பார்ப்பவர் காண்பது நீங்கள் செய்த சோதனையன்று. எட்டையும் காட்ட நேரமில்லையெனில் எட்டு விடைகளையும் திரையில் எழுதிக் காட்டுங்கள். நீர் கொதிக்கும் காட்சியில் பத்து நிமிடத்தை நீக்கினால் ‘10 நிமிடம் கழித்து’ என்று ஒரு வரி இடுங்கள். எங்கே வெட்டினோம் என்பதை மறைக்காத தொகுப்பாளரின் படத்தையே அறிவியல் சான்றாக ஏற்கும்.

செய்து பாருங்கள்

1. 1000 அடிப் படச்சுருள் எத்தனை நிமிடம் ஓடும்?
2. மேற்கண்ட பந்தை நொடிக்கு 60 பிரேம் வீதம் எடுத்தால் துண்டில் எத்தனை பிரேம்கள் இருக்கும்? ஒரு பிரேம் பிழையால் g எவ்வளவு மாறும்?
3. சுவர் முன் ஒருவர் அமர்ந்திருக்கும் காட்சி, காற்றில் ஆடும் மரக்கிளை ஆகியவற்றை ஒவ்வொரு நிமிடம் படமெடுங்கள். எந்தக் கோப்பு பெரியது? ஏன்?