பஜ்ஜிக் கடை எண்ணெயும் பத்தாம் வகுப்பும்

"சார், பழைய எண்ணெயில வண்டி ஓடுமாமே? வீட்டிலேயே டீசல் செய்யலாம்னு வீடியோவுல காட்டுறாங்க. நம்ம லேப்ல செஞ்சு பாக்கலாமா?"

'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடத்தில் சோப்பு தயாரித்தலை முடித்த நாளில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. அவனுடைய அப்பா சின்ன லோடு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து, கம்பெனிகளுக்குப் பெட்டிகள் ஏற்றிச் செல்பவர். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு அந்த வீட்டில் எரிபொருள் என்பது பாடநூலில் வரும் சொல் மட்டுமல்ல. அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் அவரும் அதையே கேட்டார்: "கேன்டீன்ல மிச்சமாகுற எண்ணெய்ல ஓட்ட முடிஞ்சா செலவு பாதியா குறையுமே சார்?"

ஒரகடம் அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் மாணவர்களுக்கு எஞ்சின் புதிதல்ல. ஹூண்டாய், ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைகளின் ஷிப்ட் நேரம்தான் பல வீடுகளில் கடிகாரம். புதிய வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் "அதெல்லாம் சிலபஸில் இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஆனால் "சரி, செய்து பார்ப்போம்" என்றும் சொல்லக்கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாணவன் பார்த்த வீடியோ பொய்யல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கொட்டகையில் பயோடீசல் தயாரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாளியில் வாங்கி வந்து, வடிகட்டி, வினைப்படுத்தி, தங்கள் காரில் ஊற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பேச்சு வடிகட்டியில் தொடங்கி எண்ணெய் இறக்குமதி, போர், நாட்டின் பாதுகாப்பு என்று விரியும். என் வகுப்பிலும் கேள்விகள் அப்படித்தான் விரிந்தன.

சோப்புக்குப் பக்கத்து வீடு

எண்ணெய் என்பது மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலுடன் இணைந்த எஸ்டர். அதனுடன் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் சோப்பும் கிளிசராலும் கிடைக்கும். இது பாடத்திலேயே உள்ளது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிதளவு வினைவேக மாற்றியாக மட்டும் வைத்துக்கொண்டு, மெத்தனாலைச் சேர்த்தால் கொழுப்பு அமிலங்கள் கிளிசராலை விட்டு மெத்தனாலுடன் போய்ச் சேரும். அந்த மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். கனமான கிளிசரால் அடியில் தங்கும்.

இதை வைத்து நிறை மாறா விதிக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். நிலக்கடலை எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலத்தின் கொழுப்பான டிரைஒலியினை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலக்கூறு நிறை 884. மூன்று மெத்தனால் 96. கூட்டினால் 980. மறுபக்கம் மூன்று மெத்தில் ஒலியேட் 888, ஒரு கிளிசரால் 92. அதுவும் 980. கரும்பலகையில் இரண்டு பக்கமும் சமமானபோது வகுப்பில் கிடைத்த சத்தம், சமன்பாட்டைச் சமன்செய்யும் வழக்கமான பயிற்சிகளில் கிடைப்பதில்லை. கூடவே ஒரு செய்தியும் கிடைத்தது: ஏறக்குறைய 100 கிலோ எண்ணெய்க்கு 11 கிலோ மெத்தனால் வேண்டும். வீடியோவில் இது ஒரு பாட்டிலாக ஓரத்தில் வந்துபோகும்.

மெத்தனால் இருக்கும் இடம்

அந்தப் பாட்டிலில்தான் நான் வகுப்பை நிறுத்தினேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் நமக்கு அருகிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலும் பலர் இறந்ததற்கும் மெத்தனால்தான் காரணம். உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். முதலில் பார்வை நரம்பு பாதிக்கப்படும். குடித்தால்தான் ஆபத்து என்றில்லை. ஆவியை மூச்சில் இழுத்தாலும் தோலில் பட்டு ஊறினாலும் உடலுக்குள் செல்லும். நம்முடைய அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும். அந்தத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பயோடீசலுக்கு எண்ணெயை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, "அடுப்பு எங்கே இருக்கும்? தம்பி தங்கை எங்கே விளையாடுவார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் தேவை. 1959-ஆம் ஆண்டிலிருந்தே இதற்குத் தனி விதிகள் உள்ளன. வெளிநாட்டு வீடியோவில் வருபவர் கடையில் சாதாரணமாக வாங்கும் பொருள், இங்கே காவல்துறையும் கலால் துறையும் கண்காணிக்கும் பொருள். ஆகவே, ஆர்வத்தில் ஒரு மாணவன் யாரிடமாவது இரண்டு லிட்டர் கேட்டு வாங்கினால்கூட, அவனும் கொடுத்தவரும் சட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும். இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. "ஆபத்து, செய்யாதே" என்பதைவிட, எது ஆபத்து, எப்படி ஆபத்து என்று சொன்னால் பதினைந்து வயதுக்காரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பள்ளியில் இந்த வினையைச் செய்துகாட்டவே கூடாது என்பது என் முடிவு. புகைபோக்கும் அறை இல்லாத நம் ஆய்வகங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

செய்யக்கூடியவை

வினையை விட்டுவிட்டால் பாடம் முடிந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. முடியவில்லை.

ஊசி நீக்கிய 20 மில்லி சிரிஞ்சு ஒன்று, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம், நான்கு திரவங்கள்: தண்ணீர், புதிய பாமாயில், வடிகட்டிய பழைய பாமாயில், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து எடுத்த அதே பழைய எண்ணெய். ஒவ்வொன்றும் இறங்கும் நேரத்தைக் குழுவாக அளந்தார்கள். பழைய எண்ணெய் நீர்த்துப் போயிருக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தனர். அதுதான் மெதுவாக இறங்கியது. மீண்டும் மீண்டும் காயும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. சூடாக்கியதும் எண்ணெய் விரைவாக இறங்கியது. தாவர எண்ணெயின் பாகுநிலை டீசலைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும் என்பதையும், இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் தலைமுடித் தடிமன் அளவுள்ள துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது என்பதையும் சொன்னபோது, லோடு வண்டியில் எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். 1900-இல் பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அந்தக் கால எஞ்சின் வேறு, 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 எஞ்சின் வேறு. சரியாகக் கழுவாத பயோடீசலில் மிஞ்சும் சோப்பும் நீரும் கிளிசராலும் இந்த எஞ்சினை வீணாக்கிவிடும். மாணவனின் அப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். மிச்சமாகும் டீசல் காசைவிட இன்ஜெக்டர் மாற்றும் செலவு பெரியது.

இரண்டாவது செயல்பாடு கணக்கெடுப்பு. பள்ளியிலிருந்து கம்பெனி வாசல் வரை உள்ள பஜ்ஜி, போண்டா, ஃபிரைடு ரைஸ் கடைகளில் மிஞ்சும் எண்ணெய் எங்கே போகிறது? இதில் கவனம் தேவை. என் வகுப்பிலேயே இரண்டு மாணவியரின் அம்மாக்கள் கடை வைத்திருக்கிறார்கள். கடைப் பெயர் எழுதக்கூடாது, யாரையும் குற்றம் சொல்லக்கூடாது, "மிஞ்சினால் என்ன செய்வீங்க அக்கா?" என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. புது எண்ணெயோடு சேர்ப்போம், சாக்கடையில் கொட்டுவோம், வந்து வாங்கிப்போகிறவர் இருக்கிறார் என்று மூன்று விதப் பதில்கள் வந்தன. "பெரிய கடைல ஒருதரம் காஞ்ச எண்ணெய் எங்களுக்குக் கம்மி விலையில கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னதை ஒரு குழு அப்படியே எழுதி வந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அதே ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டத்தையும் தொடங்கியது. பஜ்ஜி எண்ணெய் மறுபடி வாணலிக்குப் போகாமல் எஞ்சினுக்குப் போவது என்னைப் பொறுத்தவரை எரிபொருள் திட்டம் என்பதைவிட உடல்நலத் திட்டம். ஆனால் சிறிய கடைக்காரரிடம் நல்ல விலைக்கு வாங்கினால்தான் அது நடக்கும்.

பிறகு கணிதம். ஒரு கடையில் நாளுக்கு 1 லிட்டர் மிஞ்சுகிறது, கார் ஏற்றும் டிரெய்லர் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகிறது, துறைமுகம் 60 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லாரி ஒருமுறை போக 15 கடைகளின் ஒருநாள் எண்ணெய் வேண்டும். நம் சாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை டிரெய்லர் போகிறது என்று எண்ணி வரச் சொன்னேன். பயோடீசல் எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது என்பது அந்த எண்ணிக்கையில் விளங்கிவிட்டது.

எண்ணெய்க்கும் ஊர் உண்டு

இந்த இடத்தில் சமூக அறிவியல் ஆசிரியை சேர்ந்துகொண்டார். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அப்படியானால் பஜ்ஜி எண்ணெய் நம் நாட்டு எரிபொருளா? பாமாயில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது நம் மளிகைக் கடையில் விலை பேச்சானது. 1930-களின் இறுதியில் பெல்ஜியத்தில் பாமாயில் எஸ்டரில் பேருந்து ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாமாயில் வந்தது அவர்களுடைய குடியேற்ற நாடான காங்கோவிலிருந்து.

எரிபொருள் கிடைக்காதபோது மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நம்மிடமே கதைகள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது சென்னை மாகாணத்தில் கரி வாயு பஸ்கள் ஓடின. கரியைக் குறைந்த காற்றில் எரித்துக் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடுதான் எரிபொருள். வயதான தாத்தா பாட்டியிடம் கேட்டால் 'கரி பஸ்' நினைவுக்கு வரலாம். 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது என்ற பாடம் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. அங்கே அது பொழுதுபோக்கு அல்ல.

காட்டாமணக்கையும் சொல்ல வேண்டும். 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரிசில் காட்டாமணக்கு, வண்டியில் டீசல் என்று நாடெங்கும் ஆர்வம் பொங்கியது. தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகளில் மானாவாரி நிலத்தில் விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. நட்ட உழவர்கள் பலர் பிடுங்கிவிட்டனர். பள்ளி வேலியோரம் காட்டாமணக்கு இருந்தால் ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் விதை நச்சு. கடலைபோல் இருக்கிறது என்று தின்ற குழந்தைகள் வாந்தியோடு மருத்துவமனைக்குப் போவது இன்றும் நடக்கிறது.

கடைசியாக ஒரு மாணவி 'தண்ணீரில் ஓடும் வண்டி' வீடியோ ஒன்றைச் சொன்னாள். 1996-இல் ராமர் பிள்ளை, மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெட்ரோல் செய்வதாகச் சொன்னது நாடு முழுவதும் பேசப்பட்டதையும், விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனைகளில் அது நிரூபிக்கப்படாததையும் சொன்னேன். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். மறுபடி எரிக்க, வெளிவந்த ஆற்றலை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த எரிபொருள் வீடியோவைப் பார்த்தாலும் 'ஆற்றல் எங்கிருந்து வருகிறது?' என்று நோட்டில் முதல் வரியாக எழுதும் பழக்கம் அதன்பின் வகுப்பில் வந்திருக்கிறது.

இவை அனைத்துக்கும் ஆறு பாடவேளைகள் ஆயின. அதில் இரண்டு சமூக அறிவியல் ஆசிரியை தந்தவை. வடிகட்டிய பழைய எண்ணெய்க்குச் சத்துணவுக் கூடத்தில் கேட்க வேண்டாம், கடைகளில் அரை லிட்டர் கேட்டால் தருவார்கள். அளந்து முடித்த எண்ணெயை ஆய்வகத் தொட்டியில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, சேகரிக்க வருபவரிடம் கொடுத்துவிடலாம். சிரிஞ்சுகளை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் அடுத்த பிரிவுக்கும் ஆகும்.