சிவகாசி இல்லாமல் கிறிஸ்துமஸ் அட்டையா?

எங்கிருந்து வந்தது? – அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, நானும் மகளும் பூப்போட்ட கிஃப்ட் பேப்பரையும், ஆன்லைனில் வாங்கிய டை கட்டிங் மிஷினையும் வைத்து இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையை வீட்டிலேயே செய்கிறோம். இந்தப் பழக்கத்தை முதலில் ஆரம்பித்து வைத்தது எந்தச் சபை? – வாசகி, இலத்தூர்

பதில்: எந்தச் சபையும் இல்லை, தங்கச்சி. கடிதம் எழுத நேரமில்லாத ஒரு லண்டன் அதிகாரி! பெயர் ஹென்றி கோல். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் வந்ததே, அதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தபால் மலிவானதும் ஊரே அவருக்கு வாழ்த்து எழுதிக் குவித்தது. பதில் போடாவிட்டால் மரியாதை கெடும்; போட்டால் வேலை கெடும். 1843இல் ஓவிய நண்பர் ஜான் கால்கட் ஹார்ஸ்லியைப் பிடித்து ஒரு படம் வரையச் சொன்னார். சுமார் 1,000 அட்டை அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் விட்டார். ஒரு ஷில்லிங் 12 பென்னி. தபால் கூலியைப்போல் பன்னிரண்டு பங்கு விலை!

அந்தப் படத்தில் தொழுவம் இல்லை, தேவதூதர் இல்லை, பாலகன் இயேசுவும் இல்லை. நடுவில் ஒரு குடும்பம் விருந்தில் கோப்பையை உயர்த்துகிறது. ஒரு சின்னக் குழந்தைக்கு ஒயின் புகட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டு ஓரங்களிலும் ஏழைக்குச் சோறு போடுவதும் துணி கொடுப்பதும் வரைந்திருந்தார்கள். நல்லது நடந்த பக்கத்தை யாரும் பேசவில்லை. வழக்கம்போலக் குடித்த பக்கத்தைத்தான் பேசினார்கள். அந்த ஆயிரத்தில் ஓர் அட்டை 2001இல் 22,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. மகள் செய்யும் அட்டைகளில் ஒன்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கேள்வி: சரி, அந்த டை கட்டிங்? அதுவும் லண்டன்தானா?

பதில்: டையை வைத்துச் செருப்புத் தோல் வெட்டிய காலத்தைத் தாண்டி நேராக நியூயார்க் புரூக்ளினுக்கு வாருங்கள். ராபர்ட் கேர் என்று ஸ்காட்லாந்தில் பிறந்த அச்சக முதலாளி. காகிதப் பை தொழிலும் உண்டு. 1879இல் விதைப் பைகள் ஓடிக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போட வேண்டிய இரும்புப் பட்டை கொஞ்சம் உயர்ந்து நின்று பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. வேறொருவராக இருந்தால் மிஷின்காரருக்குத் திட்டு விழுந்திருக்கும். கேர் யோசித்தார்: ஒரு பட்டையை உயர்த்தினால் வெட்டு, ஒன்றைத் தாழ்த்தினால் மடிப்பு. இரண்டையும் ஒரே அழுத்தில் போட்டால்? வெட்டும் மடிப்பும் முன்பே போட்ட அட்டைப் பெட்டி பிறந்தது. பூரி மாவில் எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து அழுத்தி வட்டம் எடுக்கிறோமே, அந்தக் கணக்குத்தான்.

டை வெட்டுவதை இன்று கண்ணால் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். புளியங்குடி, ராஜபாளையம் தாண்டி சிவகாசிக்குப் போனால் போதும். பட்டாசு ஊர், பட்டாசு ஊர் என்றே சொல்லி அந்த ஊரின் பாதிப் பெருமையைப் புகையில் விட்டுவிட்டோம். அது காகித ஊர்! அந்த ஊர் அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் காலண்டரும் டைரியும் பொங்கல் வாழ்த்தும் அங்கே குடியேறின.

அங்கே டை செய்வது இப்படி: பிளைவுட் பலகையில் உருவத்தின் கோடு வழியே பள்ளம் அறுத்து, வளைத்த எஃகுப் பட்டையை அதில் தட்டி இறக்குவார்கள். வெட்டும் பட்டை 23.8 மில்லிமீட்டர் உயரம், விளிம்பு கூர்மை. மடிக்கும் பட்டை ஒரு மயிரிழை குட்டை, விளிம்பு மழுக்கை. பட்டைக்கு இருபுறமும் ரப்பர் ஒட்டியிருக்கும். அழுத்தம் விலகியதும் காகிதத்தை அது தள்ளிவிடும். உங்கள் மேஜை மிஷினில் பிளேட்டுக்கு நடுவே வைத்து உருட்டுகிறீர்களே, அந்த மெல்லிய டை இதன் பேத்தி.

கேள்வி: லேஸ் மாதிரி ஓரம் வெட்டும் டை வாங்கினேன் அண்ணாச்சி. ஒரு மூலை மட்டும் வெட்டு விழாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது.

பதில்: டையைக் குறை சொல்லாதீர்கள், கைவசம் வைத்தியம் இருக்கிறது. சிவகாசிக்காரர்கள் வெட்டு விழாத இடத்துக்கு நேர் கீழே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அந்த இடத்தை மட்டும் உயர்த்துவார்கள். நீங்களும் பிளேட்டின் அந்த மூலைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். நுணுக்கமான டை என்றால் டைக்கும் காகிதத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர். சுலபமாகக் கழன்று வரும்.

காகித லேஸ் 1834இல் லண்டனில் வந்தது. ஆடன்புரூக் என்ற தொழிலாளி, அச்சில் புடைத்து நின்ற காகித மேடுகளை அரத்தால் ராவினார். மேடு போன இடமெல்லாம் துளையாகிப் பூவேலை ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1820களில், மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு நூல் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டார். அவர் மகள் எலைசா 1844இல் தமிழறிஞர் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு அந்தக் கலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். லண்டன் காகிதத்தில் போலி செய்துகொண்டிருந்தபோது, நம் தெற்கத்திப் பெண்கள் அசலையே பின்னிக்கொண்டிருந்தார்கள்!

கேள்வி: பூப்போட்ட கிஃப்ட் பேப்பரும் பழசுதானா?

பதில்: பரிசு சுற்ற வந்தது 1917இல். கான்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் கடையில், அதுதான் இன்றைய ஹால்மார்க், கிறிஸ்துமஸ் நேரத்தில் டிஷ்யூ பேப்பர் தீர்ந்துவிட்டது. உறைக்கு உள்ளே ஒட்டும் பிரெஞ்சுப் பூத்தாளை எடுத்து, தாள் 10 சென்ட் என்று அடுக்கினார்கள். அத்தனையும் காலி! தாளைப் பற்றிப் பேசும்போதே அட்டைக்கும் ஒரு யோசனை: மடிக்கும் அட்டையை இரண்டு வாட்டத்திலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாட்டத்தில் இணங்கி வளைகிறதோ அந்த வாட்டத்திலேயே மடிப்பு விழட்டும், வெடிக்காது.

கேள்வி: அரையாண்டு லீவுக்குச் சென்னையிலிருந்து மதினி வருகிறார். டிசம்பரில் குற்றாலத்தில் தண்ணீர் விழுமா?

பதில்: தாராளமாக வரட்டும். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றாலும், வடகிழக்குப் பருவமழை பெய்தால் அருவி மறுபடி கொட்டும்; வெள்ளம் அதிகமானால் மட்டும் குளிக்கத் தடை போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அட்டையில் பனிமனிதனை எதற்கு வெட்டுகிறீர்கள்? பச்சைத் தாளில் மலை, வெள்ளைத் தாளில் ஐந்து கீற்று: ஐந்தருவி தயார். பத்தமடைப் பாய்க் கோடுகளை மகளே வரையட்டும், அதுதான் உங்கள் பூத்தாள். இந்த அருவிக்கு டை கடையில் கிடைப்பது அரிது. வரைபடத்தைச் சிவகாசிக்கு எடுத்துப் போனால் பட்டை வளைத்துக் கொடுப்பார்கள். மதினிக்கு முதல் அட்டை அதில் போகட்டும், தங்கச்சி.