ஆங்கிலப் பண்புச்சொற்களும் நம் வேற்றுமை உருபுகளும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணாக்கர்க்குச் சொற்களின் பொருள் அத்துணை இடர் விளைப்பதில்லை. சொல்லைத் தொடர்ந்து வரும் சிறு இடைச்சொல்லே இடர் விளைக்கின்றது. ஆங்கிலத்தார் பெயர்க்கு முன்னே வைக்கும் 'ஆஃப்', 'வித்', 'டு', 'அட்' முதலியவற்றை ஈண்டு முன்னிடைச்சொல் என்போம். நம் மொழியில் பெயர்க்குப் பின்னே நிற்கும் வேற்றுமை உருபின் தொழிலையே அவை பெரும்பாலும் செய்வன. பண்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல, தமக்குரிய முன்னிடைச்சொல் இன்னதென்று வரையறுத்துக்கொண்டே வழங்குகின்றன.

அச்சத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அஞ்சப்படும் பொருள் நாயாயினும் தேர்வாயினும் 'அஃப்ரெய்ட்' என்னும் சொல் 'ஆஃப்' என்பதனையே வேண்டி நிற்கும். தொல்காப்பியரோ, வேற்றுமை மயங்கியலில், அச்சச் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உரியன என விதித்தார். 'புலியின் அஞ்சினான்', 'புலியை அஞ்சினான்' என்னும் இரண்டும் வழுவல்ல. அச்சம் எங்கிருந்து எழுகின்றது என நோக்கின் ஐந்தாவது. எதனைப் பற்றிச் செல்கின்றது என நோக்கின் இரண்டாவது. இக்காலத்திலோ, கொட்டாரத்துச் சிறுவன் 'அப்பாவுக்குப் பயப்படுகிறேன்' என நான்காம் உருபு கொடுக்கின்றான். நாயைப்பற்றி வினவின், 'நாயைக் கண்டால் பயம்' என வேறொரு வழியிற் செல்கின்றான். மலையாளத்தார் இரண்டாம் வேற்றுமையைக் கைவிட்டிலர். 'பாம்பினெ பேடி' என்பது அவர்தம் நாள்வழக்கு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை இராச்சியத்தோடு இணையுமுன், நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நாஞ்சில் நாட்டார்க்கு இது செவிக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கண்ட உருபுகளுள் ஒன்று அயல்வீட்டில் இன்றும் வாழ்வது நமக்கு மகிழ்ச்சியே.

இனிச் சினம். 'என் மேல் கோபம்' என்பது நம் வழக்காதலின், 'ஆங்க்ரி' என்பதன் பின் 'ஆன்' என்பதனை இட்டு எழுதுவோர் நம்மிற் பலர். ஆங்கிலத்தார் ஒருவரைச் சினத்தலுக்கு 'வித்' என்பர். மலையாளத்தார் 'என்னோடு தேஷ்யம்' என மூன்றாம் வேற்றுமைக்குரிய ஓடு உருபையே வழங்குதலால், இவ்விடத்து மலையாள மாணாக்கன் உழைப்பின்றியே கரையேறுகின்றான்! ஆயின் குடத்தைப் பற்றிப் பேசுங்கால் ஓடு உருபின் நினைவு உதவாது. நீரால் நிறைந்த குடத்தை, 'ஃபுல்' என்னும் பண்புச்சொல்லாற் கூறின் 'ஆஃப்' வரும். 'ஃபில்ட்' என வினையடியாகப் பிறந்த சொல்லாற் கூறின் 'வித்' வரும்.

இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் யாது? நம் இலக்கண நூலார் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தனர். ஆங்கிலப் பண்புச்சொல் இந்நான்கனுள் ஒன்றிலேயே அடங்குவதன்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரும், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் பண்புணர்த்துவன பெரும்பாலும் பெயர்களும் எச்சங்களுமே என ஆராய்ந்து காட்டினார். ஆங்கிலேயன் 'அச்சமுடையவனாக இருக்கிறான்' என்னும் வாய்பாட்டிற் சொல்வதை நாம் 'அஞ்சுகிறான்' என வினையாற் சொல்லிவிடுகின்றோம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அவ்வினைக்குரிய உருபே நம் மனத்தில் முந்துகின்றது.

வரலாறும் சிலவிடத்துக் காரணமாகும். 'ஸீனியர்', 'ஜூனியர்', 'ஸுப்பீரியர்' என்பன இலத்தீனிலிருந்து வந்த ஒப்புப்பொருட் சொற்கள். இவை ஆங்கிலத்தார் ஒப்புமைக்கு இடும் 'தேன்' என்பதனை ஏலாது 'டு' என்பதனையே ஏற்கும். 'என்னைவிட மூத்தவர்' என்பதில் உள்ள 'விட' என்பதனைப் பெயர்க்கப் புகுந்தால் பிழை நேரும். ஆதலின் சொல்லையும் அதன் முன்னிடைச்சொல்லையும் ஒருங்கே ஏட்டில் எழுதிப் பாடம்பண்ணுதல் நன்று.

இதுகாறும் கூறியவற்றில் பிழை நேரினும் கருத்து விளங்கிவிடும்; மதிப்பெண் குறைவதோடு போகும். கருத்தே பிறழும் இடங்களும் உள. 'ஆங்க்ஷஸ்' என்பதன் பின் 'ஃபார்' வரின் ஆவல். 'அபௌட்' வரின் கவலை. வேலையில் ஆவலுடையேன் என்று விண்ணப்பிக்க எண்ணியவன் வேலையை நினைத்துக் கலங்குகின்றேன் என்று எழுதிவிடக்கூடும். 'டயர்ட்' என்பது இன்னும் கொடிது. 'ஃப்ரம்' வரின் உடற்களைப்பு. 'ஆஃப்' வரின் மனச்சலிப்பு. பகலெல்லாம் பாடம் சொல்லிக் களைத்த ஆசிரியர் ஒருவர், இரண்டு நாள் ஓய்வு வேண்டித் தலைமையாசிரியர்க்கு எழுதும் கடிதத்தில் 'ஆஃப்' என்பதனை இடுவாராயின், படிப்பவர் இவர்க்குத் தொழிலே வெறுத்துவிட்டது என்று கொள்வர்.