கடலோரக் குன்று, கறுப்பு-வெள்ளை: தொழிலாக எடுப்பவர்களுக்கு

கடலோரக் குன்றுகளின் கறுப்பு-வெள்ளைப் படங்களை வாங்குபவர்கள் யார்? ஹோட்டல்காரர்கள், உள் அலங்காரம் செய்பவர்கள், பயண இதழ்கள், கலைக்கூடங்கள். ஒரே ஒரு நல்ல படத்தைப் பார்த்து இவர்கள் வேலை தருவது அபூர்வம். ஒரே இடத்தை ஒரே பார்வையோடு எடுத்த வரிசை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆகவே ஊர் ஊராக அலைவதைவிட ஒரு குன்றை முழுதாகத் தெரிந்துகொள்வது லாபம். நாகர்கோவில் வழியாக ரயிலிலேயே போய்வரக்கூடிய வர்க்கலாவை வைத்துச் சொல்கிறேன்.

கல்லின் நிறத்தைப் படியுங்கள்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, பாபநாசம் கடற்கரையை ஒட்டி நிற்கிறது வர்க்கலா குன்று. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே செம்புரைக்கல்; கீழே மணற்கல்லும் வெளிர்நிறக் களிமண்ணும்; இடையிடையே கரிமம் கலந்த கருங்களிமண். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் இந்தப் பட்டைகளில் பல, கறுப்பு-வெள்ளைக்கு மாற்றியதும் ஒரே சாம்பலாகிவிடும். செம்புரைக்கல்லும் நீல வானமும்கூட ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் வந்து நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ரா ஃபைலில் எடுங்கள். மென்பொருளில் சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களை ஏற்றினால் செம்புரைக்கல் வெளுக்கும். நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். மாற்றிச் செய்தால் குன்று இருண்டு, வானம் வெளுக்கும். ஃபிலிமில் முதல் வழிக்குச் சிவப்பு ஃபில்டர். இரண்டாம் வழிக்கு இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் போன்ற, சிவப்பை உணராத ஃபிலிம். 1927-இல் யோசமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டரில் எடுத்த ஆன்செல் ஆடம்ஸ், தாம் மனத்தில் கண்ட கறுத்த வானம் அதில் வராது என்று உணர்ந்து சிவப்பு ஃபில்டருக்கு மாறினார். நீங்களும் ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவெடுங்கள்: குன்று வெளுப்பா, கறுப்பா? வரிசை முழுக்க அந்த முடிவில் நில்லுங்கள்.

ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிடாதீர்கள். குன்றின் உச்சியில் நிற்கும் தென்னைகளை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நீலம் அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் ஓலைகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்திருக்கும். வானம் பொரிப்பொரியாகத் தெரியும். கைபேசித் திரையில் மறைந்துகொள்ளும் இந்தக் குறைதான் மூன்றடி அச்சில் முதலில் கண்ணில் படும்.

வெளிச்சமும் அலையும்

குன்று மேற்குப் பார்த்தது. காலையில் முகம் முழுக்க நிழல். களிமண் பட்டைகளின் நுணுக்கத்தை எடுக்க அதுவே நல்ல நேரம். இந்தக் கரை சற்றே தென்மேற்கு நோக்கித் திரும்பியிருப்பதால் டிசம்பர் மாலை வெயில் ஏறக்குறைய நேராக விழும், மேடுபள்ளம் தட்டையாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் வடக்கே நகர, வெயில் பக்கவாட்டில் உரசிச் செல்லும். கல்லின் சொரசொரப்பு அப்போதுதான் எழும்.

அலைக்கு மூன்று வேகம் பழகுங்கள். 1/500 நொடியில் துளிகள் உறையும். அரை நொடியில் பின்வாங்கும் நீர் மணலில் கோடிழுக்கும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/30 நொடி ஏறத்தாழ 34 நொடியாகும், கடல் பனிமூட்டமாகிவிடும். சுவருக்கு வாங்குபவர்கள் மூன்றாவதை விரும்பலாம். இதழ்களுக்கு முதலிரண்டும் வேண்டியிருக்கும். மூன்றையும் எடுத்து வாருங்கள். திரும்பியதும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு பூட்டுகளைத் தின்றுவிடும்.

உயிர் முக்கியம்

மழைநீர் செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, களிமண்ணில் தடைபட்டு, குன்றின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அப்படி ஊறிய முகப்பு சரியும். மழைக்காலத்தில் அடிவாரத்தில் ட்ரைபாட் வைக்காதீர்கள். உச்சியின் ஓரத்திலும் நிற்காதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் கடல் மணலை அரித்து, கரை குறுகிவிடுவதால் திரும்பும் வழியும் அடைபடலாம். தனியாகப் போகாதீர்கள். ட்ரோன் பறக்கவிடுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

அச்சில் முடியுங்கள்

24 மெகாபிக்சல் கேமராவின் 6000 × 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 வீதம் 20 × 13 அங்குல அச்சைத் தாராளமாகத் தரும். தள்ளி நின்று பார்க்கும் பெரிய சுவர்ப் படத்துக்கு 150 போதும். மேட் பருத்தித் தாளில் கறுப்பு, பளபளப்புத் தாளின் ஆழத்துக்குப் போகாது. கருங்களிமண் பட்டை ஒரே மொத்தையாகிவிடாமல் நிழல்களைச் சற்றுத் திறந்துவிடுங்கள். பெரிய அச்சுக்கு முன் சிறு துண்டு ஒன்றைச் சோதனையாக அச்சிட்டு, படம் மாட்டப்போகும் அறையின் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

படத்தின் உரிமை யாருக்கு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். நீங்களாகவே எடுத்து வைத்த படம் உங்களுடையது. அதன் உரிமையை மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தப் பயன்பாடு, எத்தனை ஆண்டு, எந்த ஊர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலைப்பட்டியலில் நாள்கூலி, பயணம், அச்சு, உரிமை நான்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பேரம் பேசுபவர் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளட்டும்; உங்கள் கூலியைக் குறைக்க வேண்டாம்.

ஓராண்டில் எல்லாப் பருவங்களிலும் எடுத்தவற்றிலிருந்து பதினைந்து படங்களை மட்டும் பொறுக்குங்கள். அவற்றை ஒரே அளவில் அச்சிட்டு, ஒரு பெட்டியில் போட்டு, நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையில் எடுத்துப் பார்த்த அச்சுக்கு விலை பேசுவது சுலபம்.