மெஷின் மாறியது, கணக்கு மாறியதா?



மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு அடக்கவிலைப் பாடம் என்றால் கொஞ்சம் கசப்புதான். லேத்தும் மில்லிங்கும் பிடிக்கிற அளவுக்கு வரவு செலவு பிடிப்பதில்லை. ஆனால் நாளை நாம் வேலைக்குப் போகும் பட்டறை நிலைப்பதும் மூடுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எனக்குப் புரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

பழைய முறை

ஒரு பொருளின் அடக்கவிலையில் மூலப்பொருள், கூலி, மேற்செலவு என மூன்று பங்கு உண்டு. வாடகை, மின்சாரம், தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் மேற்செலவு. இதை எந்தப் பொருளின் தலையில் எவ்வளவு கட்டுவது? கை லேத் காலத்தில் கூலிதான் பெரிய செலவு. அதனால் எந்த வேலைக்கு ஆள் அதிக நேரம் நின்றாரோ, அதன் மேல் அதிக மேற்செலவு ஏற்றினார்கள். அன்றைக்கு அது சரி.

1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். அதன் வழிவந்த சி.என்.சி. மெஷினில் கூலி சுருங்கியது, மேற்செலவு பெருத்தது. கணக்கு மட்டும் பழைய தடத்திலேயே ஓடியது. ஜான்சன், கேப்லான் என்ற இரு பேராசிரியர்கள் 1987-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள்.

ஒரு கணக்கு

எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. ஒரு சி.என்.சி. லேத்தில் இரண்டு வகைப் புஷ். 'அ' வகை ஒரே ஆர்டராக 1,000. 'ஆ' வகை பத்து சிறு ஆர்டர்களாக 100. இரண்டுக்குமே ஒரு பீஸ் ஓட 6 நிமிஷம். மொத்தம் 110 மணி. மேற்செலவு ரூ.66,000.

பழைய முறையில் மணிக்கு ரூ.600. எந்தப் பீஸானாலும் ரூ.60.

இப்போது செலவைப் பிரித்துப் பார்ப்போம். மெஷின் ஓடும் செலவு ரூ.44,000, மணிக்கு ரூ.400. செட்டிங் செலவு ரூ.22,000, 'அ'வுக்கு 1, 'ஆ'வுக்கு 10 என 11 செட்டிங், ஒன்றுக்கு ரூ.2,000.

'அ': 40,000 + 2,000 = 42,000; பீஸுக்கு ரூ.42.
'ஆ': 4,000 + 20,000 = 24,000; பீஸுக்கு ரூ.240!

ரூ.60 என்று நம்பி விலை சொன்னால், லாபமான 'அ' அடுத்த பட்டறைக்குப் போய்விடும். நஷ்டமான 'ஆ' நம்மிடம் வந்து குவியும். அமெரிக்க டிராக்டர் கம்பெனியான ஜான் டீரின் உதிரிபாகப் பிரிவில் 1980-களில் இதுதான் நடந்தது. பெரிய ஆர்டர்கள் நழுவின, சிறு ஆர்டர்களே கிடைத்தன. பிறகு அவர்கள் செட்டிங், ஆர்டர் எண்ணிக்கை என்று ஒவ்வொரு செயலுக்கும் தனியாகக் கணக்கு வைத்தார்கள். இதற்குச் செயல்வழி அடக்கவிலை முறை என்று பெயர்.

யார் தலையில்?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லேத் டர்னர். "ஒரு நாளைக்கு மூணு ஜாப் மாத்துனா பீஸ் எங்கருந்துப்பா வரும்?" என்பார். சாயங்காலம் எண்ணிக்கை குறைந்தால் பேச்சு வாங்குவது அவர்தான். செட்டிங்குக்குப் போன நேரம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் வராத செலவு கடைசியில் தொழிலாளி தலையில் விழுகிறது.

தீர்வு

அப்படியானால் சிறு ஆர்டரே வேண்டாமா? அப்படியில்லை. செலவு தெரிந்தால்தான் குறைக்கத் தோன்றும். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்ற நாலு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோவின் வழிகாட்டுதலில் அது முதலில் 90 நிமிஷமாகி, பிறகு 3 நிமிஷத்துக்கு வந்தது. மெஷின் நிற்கும் முன்பே செய்யக்கூடிய வேலைகளை முன்கூட்டியே முடித்ததுதான் முக்கிய வழி. ஒன்று ஞாபகம் வேண்டும்: மிச்சமான நேரத்தில் வேறு வேலை ஓட்டினால்தான் அது பணமாகும்.

நண்பர்களே, நாளை சூப்பர்வைசராக நிற்கும்போது வெர்னியரோடு ஒரு நோட்டும் கையில் இருக்கட்டும். பீஸ் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே செட்டிங் நேரத்தையும் குறித்து வையுங்கள். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், பேனா போதும்.