ஆயுளும் இரட்சிப்பும்

கேள்வி: நித்திய ஜீவன் உண்டென்று நம்பும் கிறிஸ்தவர்கள், நோய் வந்ததும் ஆயுள் நீடிக்க ஜெபிப்பது முரண்பாடல்லவா?

பதில்: அப்படித் தோன்றுவது இயல்பே, ஆயினும் வேதாகமம் ஜீவிதாசையைப் பாவமென்று தள்ளவில்லை. மரணத் தறுவாயில் சுவர்ப்புறம் திரும்பி அழுது மன்றாடிய யூதா அரசன் எசேக்கியாவுக்கு 15 வருஷங்கள் கூட்டிக் கொடுக்கப்பட்டன என்றும், அவனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கும்படி ஏசாயா தீர்க்கதரிசியே சொன்னார் என்றும் ராஜாக்களின் சரித்திரம் கூறுகிறது.

சிறையிலிருந்து பிலிப்பி சபைக்கு எழுதிய பவுலோ, தேகத்தை விட்டுக் கிறிஸ்துவோடிருப்பதே தமக்கு மேலானதென்று கருதியும், தம்மால் பயன்பெறும் சகோதரர் பொருட்டு இன்னும் சிலகாலம் இங்கே தங்குவதே அவசியமென்று துணிகிறார். என் மனத்துக்கு இதுவே எசேக்கியாவின் கண்ணீரைவிடத் தெளிவான விடை. இரட்சிப்பு கிருபையால் அருளப்படுவதென்பது அவர் உபதேசமாகையால், அதைச் சம்பாதிக்க ஆயுளை நீட்டவும் வேண்டியதில்லை, அதை எட்டிப் பிடிக்க மரணத்தை விரைவுபடுத்தவும் வேண்டியதில்லை. பாவத்துக்குத் தப்பும்பொருட்டு உயிரை மாய்த்துக்கொள்ளலாமென்ற வாதத்தை 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் அத்தனை கண்டிப்பாக மறுத்ததும் இவ்வெண்ணத்தோடு முற்றும் இசைந்ததே.