ஜெயித்த ராத்திரியில் மூன்று பெயர்

சொந்தத் திடலில் சிங்கப்பூர் ஜெயித்தால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜாலான் புசார் விளையாட்டரங்கத்திலிருந்து கிளம்பி, கிச்சனர் ரோடு வழியாகத் தேக்கா பக்கம் நடந்து, ஒரு கோப்பிக்கடையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காருவோம். தே வருவதற்குள் ஆளுக்கு மூன்று பெயர் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு யார் யார் நன்றாக ஆடினார்கள்? காரணம் சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர் தேவுக்குக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

2025 நவம்பரில் ஹாங்காங் அணியை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்கு நம் பையன்கள் தகுதி பெற்றார்கள். 1984இல் போட்டியை நாமே நடத்தியதால் இடம் கிடைத்தது. ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு புதுசாகப் பல பிள்ளைகள் காற்பந்து பார்க்க வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. பெயர் கேட்டால் மட்டும் எல்லாரும் கோல் போட்டவரையே சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. மூன்று பெயரையும் திடலைவிட்டு வெளியே வருமுன் முடிவு செய்துவிடுங்கள். கடைசி விசில் ஊதியதும் கைத்தொலைபேசியைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடக் காணொளியில் கோல் இருக்கும், கோல் கம்பத்தில் பட்ட பந்து இருக்கும், மஞ்சள் அட்டை இருக்கும். மீதி எண்பத்தெட்டு நிமிடம் இருக்காது. அதை ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் கண் பார்த்தது போய், யாரோ வெட்டி ஒட்டியது மனத்தில் உட்கார்ந்துவிடும்.

2. கோல் போட்டவர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆட்டம் 2012 டிசம்பர் 19ஆம் தேதி நடந்தது. ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், தாய்லாந்துக்கு எதிராக. பழைய தேசிய விளையாட்டரங்கத்தை இடித்தாகிவிட்டது, புதியது கட்டி முடியவில்லை. அதனால் காலாங்கில் ஐம்பதாயிரம் பேர் பார்த்திருக்க வேண்டிய ஆட்டத்தை, ஏறக்குறைய ஆறாயிரம் பேருக்கு மட்டும் இடமுள்ள ஜாலான் புசாரில் வைத்தார்கள். பத்தாவது நிமிடத்தில் முஸ்தாஃபிச் ஃபாருடின் பெனால்டி போட்டார். பிற்பாதியில் தாய்லாந்து சமன் செய்ததும் அரங்கமே வாயடைத்துப் போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் கைருல் அம்ரி மறுபடி முன்னிலை வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் தற்காப்பு ஆட்டக்காரர் பைஹாக்கி கைஸான் மூன்றாவதைப் போட்டார். 3-1.

அன்று ராத்திரி யாரைக் கேட்டாலும் அம்ரி, அம்ரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். தப்பில்லை. மூச்சு நின்ற கூட்டத்துக்கு மூச்சு கொடுத்தவர் அவர்தான். பைஹாக்கியின் கோல் அப்போது விருந்து முடிந்தபின் வரும் பாயசம் போலத்தான் தெரிந்தது. மூன்று நாள் கழித்துப் பேங்காக்கில் நாம் 0-1 என்று தோற்றோம். மொத்தக் கணக்கு 3-2, கிண்ணம் நமக்கு, நான்காவது முறையாக. அந்த மூன்றாவது கோல் இல்லாவிட்டால் கணக்கு 2-2 என்று நின்றிருக்கும். ஜெயித்த பிறகும் ஓடுகிறவரை, இன்னொரு கோலுக்காக எதிரணியின் பெட்டிக்குள் போய் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரைப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அணித்தலைவர் ஷாரில் இஷாக். புக்கிட் ஜாலிலில் மலேசியாவை 3-0 என்று வென்றபோது இரண்டு கோல் அவருடையது. ஆனால் இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

3. பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். முதல் தடவை இது கஷ்டம், கண் தன்னால் பந்தின் பின்னால் ஓடும். மத்தியத் திடலில் தற்காப்புக்கு முன்னால் நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரையே பாருங்கள். பந்து தன்னிடம் வருமுன் தோளுக்குப் பின்னால் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார்? நம் அணி எதிரணிப் பெட்டியை முற்றுகையிடும்போது இவர் எங்கே நிற்கிறார்? மூலை உதை எடுக்கும் நேரம் எல்லாரும் முன்னே போக, இவர் மட்டும் நடுக்கோட்டில் எதிரணியின் வேகமான பையனை ஒட்டிக்கொண்டு நிற்பார். பந்து வெட்டுப்பட்டு அந்தப் பையனை நோக்கி வரும்போது இவர் ஒரு அடி முன்னே வைத்து மறித்துவிட்டால், அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். யாரும் கைதட்ட மாட்டார்கள். நீங்கள் மட்டும் குறித்து வையுங்கள்.

இதற்கு ஜாலான் புசார் நல்ல இடம். 1929இல் திறந்த அரங்கம். பின்னால் புதுப்பித்துக் கட்டியபோதும் இருக்கைகளைத் திடலை ஒட்டியே போட்டார்கள். தற்காப்பு ஆட்டக்காரர் "பின்னால ஆள்!" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ கத்துவது மூன்றாவது வரிசை வரை கேட்கும். யார் அதிகம் கத்துகிறாரோ அவர்தான் பெரும்பாலும் பின்வரிசையை நடத்துகிறவர். தரை செயற்கைப் புல், பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும். காலில் வாங்கும்போது பந்து அரை மீட்டர் தள்ளிப் போகிறதா, காலடியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அந்த அரை மீட்டரில்தான் பல பேருடைய ஆட்டம் போய்விடுகிறது. காலாங்கின் பெரிய அரங்கத்தில் மேல்தட்டில் உட்காருங்கள், அங்கிருந்து அணி நிற்கும் வரிசை தெரியும். மேலிருந்து பார்த்தால் சத்தம் கேட்காது, கீழிருந்து பார்த்தால் வரிசை தெரியாது. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

4. கோல் காவலரை அவர் தாவியதை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். நன்றாக நிற்கத் தெரிந்தவருக்குத் தாவ வேண்டிய வேலை குறைவு. தாவாமல் நெஞ்சோடு பிடித்த பந்தையும் கணக்கில் சேருங்கள்.

2004 ஆசியான் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஒரு கோல் காவலர், லயனல் லூயிஸ். 2015 ஜூனில் சைத்தாமாவில் ஜப்பானைக் கோல் போட விடாமல் 0-0 என்று நிறுத்தியவர் இஸ்வான் மாபுட். 2024 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், பேங்காக்கில் ஹசன் சன்னி நின்ற நிலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாம் 1-3 என்று தோற்ற ஆட்டம் அது. அவர் மாற்றி மாற்றித் தடுத்திராவிட்டால் தாய்லாந்து இன்னும் பல கோல் போட்டு அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அந்த இடம் சீனாவுக்குக் கிடைத்தது. மறுநாளே தெம்பனீஸில் அவருடைய நாசி லெமாக் கடையில் சீன ரசிகர்கள் வரிசை கட்டி நின்றார்கள். தோற்ற அணியில்கூட ஆட்ட நாயகன் இருக்க முடியும் என்பதை வேறு ஒரு நாட்டு ரசிகர்கள் நமக்குக் காட்டிவிட்டுப் போனார்கள்.

5. எதிரில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். 2007 ஜனவரியில் ஆசியான் போட்டியில் லாவோஸை 11-0 என்று வென்றோம். அதில் நோ ஆலம் ஷா ஒருவரே ஏழு கோல். பெரிய காரியம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அதே மாதம் 31ஆம் தேதி, பழைய தேசிய விளையாட்டரங்கத்தில், தாய்லாந்துக்கு எதிரான இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அவர் போட்ட ஒரு கோலை அந்த ஏழுக்கும் மேலே வைப்பேன்.

அந்த ராத்திரியில் என் ஓட்டு அவருக்கும் இல்லை. 1-1 என்று இருக்கும்போது, ஆட்டம் முடியப் போகிற நேரம் பார்த்து நடுவர் நமக்குப் பெனால்டி கொடுத்தார். தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு திடலைவிட்டே வெளியேறினார்கள். ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. பெனால்டி உதைக்கப் போகிற ஆளின் நிலையை நினைத்துப் பாருங்கள். உடம்பு ஆறிப்போகும், மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வலது பக்கமா, இடது பக்கமா என்று கால் மணி நேரம் யோசித்தால் எவனும் கெட்டுப்போவான். முஸ்தாஃபிச் காத்திருந்தார், அவர்கள் திரும்பி வந்ததும் உதைத்தார், உள்ளே போனது. 2-1. இரண்டாவது ஆட்டத்தைப் பேங்காக்கில் 1-1 என்று முடித்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். பெனால்டி கோலைக் கோலாகவே மதிக்காதவர்கள் சில பேர் எங்கள் மேசையில் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இந்தப் பெனால்டியைத்தான்.

6. நம்ம பையன் என்று ஓட்டுப் போடாதீர்கள். பெருமைப்படுங்கள், அது வேறு. சிங்கப்பூர்க் காற்பந்தில் நம் இந்தியர் பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1977இல் மலேசியக் கிண்ணம் வாங்கிய அணிக்குத் தலைவர் சமத் அல்லாப்பிச்சை. பந்தை வளைத்து உதைக்கும் எஸ். ராஜகோபாலும் அதே அணியில் ஆடினார். வி. சுந்தரமூர்த்தி 1993இல் புருணைக்கு எதிராகத் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலைத் தேக்காவில் இன்னும் கையை ஆட்டிக் காட்டிப் பேசுகிறார்கள். தற்காப்பில் எஸ். சுப்பிரமணி, ஆர். சசிகுமார்.

சசிகுமார் 1998இல் ஹனோயில் வியட்நாமுக்கு எதிராகப் போட்ட கோல்தான் நம் முதல் ஆசியான் பட்டம். பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது, அதிர்ஷ்டம் என்று சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. சிரிக்கட்டும். அவர் தற்காப்பு ஆட்டக்காரர். வியட்நாம் சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால், தொண்ணூறு நிமிடமும் முட்டிப் பார்த்தும் ஒரு கோல் போட முடியவில்லை. நான் அவருக்கு ஓட்டுப் போட்டால் அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்காகப் போடுவேன். இப்படிக் காரணம் சொல்ல முடிந்தால் நம்ம பையனுக்கும் தாராளமாகப் போடலாம்.

எதிரணி ஆட்டக்காரர் பெயரும் மூன்றில் ஒன்றாக வரலாம். 2025 அக்டோபரில் இங்கே தேசிய விளையாட்டரங்கத்தில் இந்தியா வந்து ஆடியது. பத்துப் பேரோடு ஆடிக் கடைசி நிமிடத்தில் 1-1 ஆக்கிவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில் மனசை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது தேக்காக்காரனுக்குக் கஷ்டம்தான். கண்ணை மட்டும் பிரிக்காதீர்கள்.

7. மாற்று ஆட்டக்காரருக்குத் தனிச் சலுகை வேண்டாம். களைத்த கால்களுக்கு எதிரே புதுக் கால் வேகமாகத்தான் தெரியும்.

8. ரெஃப்ரியைப் பட்டியலில் இழுக்காதீர்கள். திடலில் "ரெஃப்ரி காயு!" (நடுவர் மரக்கட்டை) என்று கத்திக்கொள்ளுங்கள், அது நம் ஊர் உரிமை, நானும் கத்துவேன். மேசைக்கு வந்த பிறகு அவர் பேச்சு வேண்டாம். அவரைத் திட்ட ஆரம்பித்தால் பரோட்டா ஆறிவிடும், ஆட்டக்காரர் ஒருவர் பெயரும் வராது.

9. ஜெயித்த ராத்திரியில் யார் மோசமாக ஆடினார் என்று கேட்காதீர்கள். தோற்ற ராத்திரியில் கேட்க நிறைய நேரம் கிடைக்கும், நம் அணியைப் பொறுத்தவரை அதற்குக் குறைச்சலே வந்ததில்லை.

10. ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். தேக்காவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். தேதி, எதிரணி, மூன்று பெயர், பெயருக்கு ஒரு வரிக் காரணம். "நன்றாக ஆடினார்" என்று எழுதினால் அது காரணமில்லை. "பிற்பாதியில் அவர்களுடைய இடது முனை ஆட்டக்காரரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனார்" என்று எழுதுங்கள். மறுநாள் தமிழ் முரசில் வேறு பெயர் வந்திருந்தாலும் அடித்துத் திருத்தாதீர்கள்.

11. என்னைப் போன்ற கிழவர்கள் பேச ஆரம்பித்தால் ஜாக்கிரதை. "அங்கிள் சூ காலத்தில்" என்று, 1977 அணியின் பயிற்சியாளரை நினைத்து, ஒருவர் தொடங்குவார். மெர்டேக்கா அரங்கத்தில் 1977 மலேசியக் கிண்ண இறுதியில் பினாங்கை 3-2 என்று வென்றதில் இறங்குவார். அடுத்தவர் 1994க்கு வருவார், ஷா ஆலமில் பஹாங்கை 4-0. இன்றைய பையன்கள் அவர்களுடைய கால் தூசிக்குச் சமமா என்று முடிப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அத்தனையும் நடந்ததுதான். பிறகு மரியாதையாகக் கேளுங்கள்: "மாமா, அந்த 1994 ஆட்டத்தில் உங்கள் மூன்று பேர் யார்?"

அப்பாஸ் சாட் என்பார்கள், மூன்று கோல் அவருடையது. ஃபாண்டி அகமது என்பார்கள், மீதி ஒன்று அவருடையது. மூன்றாவது பெயருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்கள். நான் டேவிட் லீ என்பேன். நான்கு கோல் போட்ட ராத்திரியில் ஒன்றுகூட வாங்காத கோல் காவலர். இதற்கு மறுப்புச் சொல்ல உங்களிடம் வேறு பெயர் இருந்தால் கொண்டு வாருங்கள், காரணத்தோடு. இல்லாவிட்டால் தேக்காசு உங்களுடையது.